பாதத்தை எடுக்க வேண்டுமாம், அப்பாவை எப்படித் தேற்றுவது?

கேள்வி: பாதத்தில் புற்றுநோய்க் கட்டி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள். தினமும் வாக்கிங் போனவர், இப்போது செருப்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பதில் 1: முட்டி தப்புகிறதே, அதுவே பெரிய விஷயம் தம்பி, செயற்கைக் காலோடு நடப்பது அவ்வளவு சுலபமாகும். இப்போதே கைக்கும் தொடைக்கும் பயிற்சி, வாக்கர் பிடித்து நடக்கப் பழகட்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் முட்டிக்கு அடியில் தலையணை வைக்க விடாதீர்கள், மடங்கியபடியே இறுகிவிடும்.

பதில் 2: எனக்கு இடது கால் இல்லை. இல்லாத கட்டைவிரல் இன்னும் அரிக்கும் (சொன்னால் சிரிப்பார்கள்), அதற்கு, இருக்கும் காலை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபடி அசைக்கும் பயிற்சி சிலருக்குக் கேட்கும். துக்கம் விசாரிக்க வருபவர்களை மட்டும் காபி கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

பதில் 3: டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொல்லுங்கள். எலும்புப் புற்றுநோயில் 1977இல் காலை இழந்த கனடாக்காரர், 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடினார்.

கேட்டவர்: ஓட்டமெல்லாம் வேண்டாங்க, டீக்கடை வரை போனால் போதும். வாக்கர் இன்றைக்கே வாங்குகிறேன்.