பித் பிளாக் யூனிட்: கொழிஞ்சாம்பாறையா, கோபாலபுரம் பக்கமா?

மேட்டாங்காடு:
கேரள எல்லைக்குள்ள கொழிஞ்சாம்பாறை பக்கம் 3 ஏக்கர் சொந்த பூமி இருக்குங்க. தேங்காய் நார்த்தூளை (பித்) கழுவி அழுத்தி, ஏற்றுமதிக்கு லோ ஈசி (உப்பு குறைஞ்ச) 5 கிலோ பிளாக் போடலாம்னு திட்டம். பித் வாங்கப்போறது தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலை, கோபாலபுரம் நார் மில்லுகளில். எல்லைக்குக் கிழக்கே மில்லை ஒட்டியே குத்தகைக்கும் இடம் வருது. எதை வச்சு முடிவு பண்றது?

களத்துமேடு:
முதல்ல ஈரத்தைக் கணக்குப் போடுங்க. மில்லில் இருந்து வர்ற பச்சைப் பித்தில் 80 சதவீதம் தண்ணின்னு வச்சுக்கலாம். பிளாக் அடிக்கும்போது அது 15 சதவீதத்துக்கு வந்திருக்கணும். ஒரு டன் பிளாக்கில் உலர்ந்த சரக்கு 850 கிலோ. அதுக்கு 4.25 டன் பச்சைப் பித் வேணும். மிச்சம் 3.25 டன் வெறும் தண்ணி, அதுக்கும் லாரி வாடகை உங்க கையில இருந்துதான். 25 டன் ஏத்துற ஒரு 40 அடி கன்டெய்னருக்கு நூறு டன்னுக்கு மேல பச்சைப் பித்.

காய வைக்கிற களத்தை மட்டும் மில் பக்கம் வச்சு, காஞ்சதை அள்ளிட்டு வந்து இங்க பிரஸ் அடிக்கலாமேன்னு தோணும். அதுவும் உதவாது. காஞ்ச தூளில் எடை சேர்றதுக்குள்ள லாரி பாடி ரொம்பிடும். பிரஸ்ஸில் அடிச்சாத்தான் அளவு ஏறக்குறைய அஞ்சில் ஒண்ணாகும். அதனால கழுவுறது, காய வைக்கிறது, அடிக்கிறது மூணும் ஒரே இடத்தில், மில்லுக்குப் பக்கத்தில். பிளாக் ஆன பிறகு எந்தத் துறைமுகத்துக்கும் போகலாம். பூமி சொந்தம்ங்கிறதை இந்தக் கணக்கில் சேர்க்காதீங்க.

ஆனைமலைக்காத்து:
லாரிக் கணக்கு சரிதான். ஆனா லோ ஈசிக்கு அதைவிடப் பெரிசு கழுவுற தண்ணி. ஈசிங்கிறது உப்பைக் காட்டுற மின்கடத்தல் அளவு. போர் தண்ணியிலேயே ஈசி கூடுதலா இருந்தா, எத்தனை தடவை கழுவினாலும் பித்தை லோ ஈசிக்கு இறக்குறது கஷ்டம். ரெண்டு இடத்துத் தண்ணியையும் ஏப்ரல், மே மாசத்தில் எடுத்து லேபில் கொடுங்க. மழை முடிஞ்ச கையோட எடுத்த ரிப்போர்ட்டை நம்பி இறங்காதீங்க. வாங்குறவங்க ஈசியை எந்த முறையில் அளக்கிறாங்கன்னும் கேட்டுக்கணும். ஒரு பங்கு பித்துக்கு அஞ்சு பங்கு தண்ணின்னு 1:5-இல் பார்த்த அதே சரக்கு, 1:1.5-இல் பார்த்தா கூடுதலாக் காட்டும். கன்டெய்னர் போய்ச் சேர்ந்த பிறகு வர்ற தகராறில் பாதி இதுதான்.

பஃபர் பித் (சோடியம், பொட்டாசியத்தை நீக்கின பித்) கேட்டா கால்சியம் நைட்ரேட்டில் ஊற வைக்கணும். பித்தில் ஒட்டியிருக்கிற சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணிக்கு முழுசா விடாது. அந்தக் கழிவுத் தண்ணியைத் திறந்து விட்டா நைட்ரேட் நிலத்தடிக்கு இறங்கும். சாதாரணமாக் கழுவின தண்ணியே காவி நிறம்தான், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு கலங்கினா அன்னைக்கே பஞ்சாயத்து. கசியாத தொட்டிக்கும், அதே தண்ணியைத் திருப்பிப் பயன்படுத்தவும் முதலிலேயே இடம் ஒதுக்குங்க. பித் தொழிலைத் தமிழ்நாட்டில் 2021-இல் மாசு இல்லாத தொழில்னு வச்சிருந்த வெள்ளை வகையில் இருந்து மாசு கூடின ஆரஞ்சு வகைக்கு மாத்தினதுக்கு இந்தப் புகார்களே காரணம். கேரளப் பக்கமும் சும்மா இல்லை. நிலத்தடி நீர்ப் பிரச்சினையில் 2004-இல் கோலா ஆலை மூடின பிளாச்சிமடை உங்க சித்தூர் தாலுகாதான்.

காத்தையும் பாருங்க. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்கே இருந்து அடிக்கும், தூள் கிழக்கே பறக்கும். களத்துக்குக் கிழக்கே வீடோ பள்ளிக்கூடமோ இருந்தா அந்த இடம் வேண்டாம். மழையைப் பொறுத்தவரை கொழிஞ்சாம்பாறை மழை மறைவுதான், பாலக்காடு டவுனை நினைச்சுப் பயப்பட வேண்டாம்.

வரிரசீது:
கேரளப் பக்கம்னா முதல் வேலை வில்லேஜ் ஆபீஸ். ரெக்கார்டில் ‘நிலம்’னு (நெல்வயல்) இருக்கா, ‘புரயிடம்’னு (மேட்டுப் பூமி) இருக்கான்னு பாருங்க. நிலம்னு இருந்து, நெல்வயல் பட்டியலான டேட்டா பேங்கிலும் ஏறியிருந்தா 2008 நெல்வயல் சட்டம் தடுக்கும், இன்னைக்கு அங்க தென்னையே நின்னாலும். கேரள அரசின் ஆன்லைன் ஒற்றைச் சாளரமான கே-ஸ்விஃப்டில், ரெட் (அதிக மாசு) வகை அல்லாத சிறுதொழிலுக்கு 3 வருஷத்துக்கு ஒப்புகைச் சான்று கிடைக்கும். அது நெல்வயல் சட்டத்துக்கு விலக்கு ஆகாது. 3 வருஷம் முடிஞ்சா மத்த அனுமதி எல்லாம் வாங்கித்தான் ஆகணும்.

லோடிங்குக்குச் சொந்த ஆட்களை வைக்கிறதா இருந்தா, லேபர் ஆபீசில் அவங்களுக்குச் சுமைத் தொழிலாளர் பதிவான 26ஏ அட்டை முதலிலேயே எடுத்திடுங்க. நோக்குகூலி (வேலை செய்யாமலே சுமை ஆட்கள் கேட்கிற கூலி) 2018-லேயே தடை ஆயாச்சு, ஆனா அட்டை இல்லாத ஆளை வச்சு ஏத்தினா வம்பு.

எல்லைக்கு ரெண்டு பக்கமும் யூனிட் வச்சா ஜிஎஸ்டி பதிவும் ரெண்டு. ஒண்ணில் இருந்து இன்னொண்ணுக்குச் சரக்கு போனாலே பில் போட்டு வரி காட்டணும். பச்சைப் பித் லோடு 50,000 ரூபாய்க்குள்ள இருந்தா ஈ-வே பில் வேண்டாம்னு சொல்லுவாங்க. நேரடியா வாங்குற சரக்குக்குத்தான் அது பொருந்தும். ஜாப் ஒர்க்குக்கு (நம்ம சரக்கை வேறொருத்தர்கிட்ட வேலைக்குக் கொடுக்கிறது) அடுத்த மாநிலம் அனுப்பினா மதிப்பு எவ்வளவா இருந்தாலும் ஈ-வே பில் வேணும்.

மேட்டாங்காடு:
பூமி பாதி புரயிடம், பாதி நிலம். கொச்சித் துறைமுகம் பக்கம்ங்கிறது ஒரு லாபம் இல்லையா?

களத்துமேடு:
தூரம் கொச்சிக்குக் குறைவுதான், தூத்துக்குடி ரெட்டிப்புக்கு மேல. ஆனா லாரி வாடகையை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. காலி கன்டெய்னர் எங்க கிடைக்குது, வாங்குறவங்க துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வாரத்தில் எத்தனை நாள்னு கேட்டு, கப்பல் சரக்கு ஏஜென்ட்டான ஃபார்வர்டரிடம் ரெண்டுக்கும் ரேட் வாங்குங்க. புரயிடப் பாதியில் தொட்டி, களம், ஷெட், கன்டெய்னர் திரும்புற இடம் நாலும் அடங்குமான்னு வரைஞ்சு பாருங்க. அடங்கலைன்னா குத்தகை இடம்தான். 10 வருஷத்துக்குக் குறையாமப் பதிவு பண்ணிக்கோங்க, காங்கிரீட் களத்தைப் பேத்து எடுத்துட்டு வர முடியாது.