தொப்பூர் ஏற்றத்தில் டர்போ அழுத்தம் எகிறுகிறது

கேள்வி:
சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது, தொப்பூர் ஏற்றத்தில் லாரியை முந்த மிதித்தால் என் டீசல் கார் இழுவை இழந்துவிடுகிறது. எஞ்சினை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஸ்கேனரில் பி0234, அதாவது டர்போ அழுத்தம் அளவை மீறியது என்ற பிழைக் குறியீடு. ஓடியது 1,10,000 கி.மீ. பணிமனையில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள். வயிறு எரிகிறது.

முதல் பதில்:
அவசரப்படாதீர்கள் தம்பி. பெட்ரோல் வண்டி என்றால் வேஸ்ட்கேட் (மிஞ்சும் புகையை டர்போவைச் சுற்றி வெளியேற்றும் கதவு) குழாயில் வெடிப்பைத் தேடச் சொல்வேன். உங்களுடையதில் பெரும்பாலும் கரிதான். டர்போவுக்குள் புகையின் வேகத்தை மாற்றும் சிறு இதழ்கள் உண்டு. ஊருக்குள்ளேயே உருட்டினால் கரி படிந்து, மூடியபடி ஒட்டிக்கொள்ளும். அப்போது அழுத்தம் எகிறும், எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்துவிடும். ஒருவரை எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் கம்பியைக் கவனியுங்கள். வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். என் வண்டியில் பாதியில் நின்று, நடுங்கி, பிறகுதான் போனது.

கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. அதே நடுக்கம்!

இரண்டாம் பதில்:
டர்போவைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தால் போதும். அதற்குமுன் டர்போ அழுத்தத்தை அளக்கும் சென்சாரையும் சோதியுங்கள்: எஞ்சினை ஓட்டாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் வெளிக்காற்றின் அழுத்தத்தை, அதாவது 1 பாருக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும், 1.3 காட்டினால் அது பொய் சொல்கிறது. இதழ்கள் எதுவரை மூடலாம் என்று வரையறுக்கும் நிறுத்துத் திருகை யாரையும் தொட விடாதீர்கள். நான் விட்டேன், அழுதேன்.