விண்வெளியில் இருந்து சூரிய மின்சாரம்: 82 எதில் 82?

மின்கம்பி: "விண்வெளியில் பேனல் வைத்து மைக்ரோவேவாக அனுப்பினால் 82 சதவீத மின்சாரம் தரைக்கு வரும், 1975-லேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று பரிதி நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. அது கலிஃபோர்னியாவில் கோல்ட்ஸ்டோனில் நடந்த சோதனை. மைக்ரோவேவை அனுப்பிய டிஷ்ஷுக்கும் அதைப் பிடிக்க எதிரே இருந்த ஆன்டெனா பலகைக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர்தான் தூரம். பலகை மேல் விழுந்த மைக்ரோவேவில் மின்சாரமாக மாறியதுதான் அந்த 82. பலகைக்கு வெளியே சிதறிப் போன அலையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பரிதி: வந்துவிட்டார் வாத்தியார். கம்பியே இல்லாமல் 30 கிலோவாட்டுக்கு மேல் வந்ததா இல்லையா? மேலே ராத்திரி இல்லை, மேகம் இல்லை, சதுர மீட்டருக்கு 1,361 வாட் வெயில். இதெல்லாம் கண்ணில் படாதே.

அலைவரிசை: ராத்திரி இல்லையா? மார்ச், செப்டம்பர் வாக்கில் புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலேயே நிற்கும் பாதையில், தினமும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரை பூமியின் நிழல் விழும்.

பரிதி: ஒரு மணி நேரத்துக்கா இவ்வளவு கூச்சல்?

மின்கம்பி: பேச்சை மாற்றாதீர்கள். 82 எதில் 82? புவிநிலைப் பாதை சுமார் 36,000 கி.மீ. உயரம். ஒரு கி.மீ. அகல ஆன்டெனாவில் இருந்து 2.45 கிகாஹெர்ட்ஸில் அனுப்பினால், தரைக்கு வரும்போது கதிர் ஏறத்தாழ 10 கி.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கும். பேனலில் ஒரு இழப்பு, மைக்ரோவேவாக மாற்றும்போது இன்னொன்று. எல்லாவற்றையும் பெருக்கிவிட்டு வந்து 82 என்று சொல்லுங்கள்.

தும்பி: அந்தக் கதிருக்குள் பறந்தால் பறவை பொசுங்கிவிடாதா?

அலைவரிசை: பொசுங்காது. நாசாவின் எழுபதுகளின் வடிவமைப்பில் கதிரின் நடுவில்கூட சதுர மீட்டருக்கு 230 வாட்தான். உச்சி வெயிலில் கால்வாசி.

தும்பி: வெயிலும் மைக்ரோவேவும் ஒன்றா? நீங்கள் போய் நில்லுங்களேன்.

மின்கம்பி: பறவையை விடுங்கள். 2024-இல் நாசா அறிக்கையே சொல்லிவிட்டது, தரையில் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைவிட 12 முதல் 80 மடங்கு செலவு என்று.

பரிதி: பாதியை மட்டும் படிப்பது உங்களுக்குப் பழக்கம்தானே, பேட்டரி விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். ராக்கெட் செலவு இறங்கி, கருவிகளும் மேம்பட்டால் யூனிட்டுக்கு 3 முதல் 8 சென்ட்டுக்கு வரலாம் என்று அதே அறிக்கையில் இருக்கிறது. 2023-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகக் குழு விண்கலத்தில் இருந்து அனுப்பிய கதிரைத் தரையில் பிடித்தும் காட்டிவிட்டது.

மின்கம்பி: கால்டெக் பிடித்தது சிக்னல். ஒரு பல்புகூட எரியாது. பேட்டரி விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பரிதி: ஓடவில்லை, வேலை இருந்தது. 1975-இல் வந்தது வந்ததுதான்.

மின்கம்பி: ஒன்றரை கிலோமீட்டருக்கு. மூன்றாவது தடவை கேட்கிறேன், 82 எதில் 82?