திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே 184 கி.மீ.தான். ஏடிஆர் என்ற சின்ன விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் என்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 22 நிமிடம்தான் ஆகவேண்டும், ஆனால் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது. சுற்றிப் போகிறதா? அம்மாவை அழைத்துப் போகிறேன், அவருக்கு விமானம் என்றாலே பயம்.

புதுக்கோட்டையிலிருந்து:

சுற்றெல்லாம் பெரிதாக இல்லை சார். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நிற்கும் இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பித்ததில் தொடங்கி, அங்கே போய் நிற்கும்வரை எல்லாம் அதில் சேர்த்தி. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் ஒரு துபாய் விமானம் இறங்கினால் காத்திருப்பது, இதற்கே நிமிடங்கள் கரைந்துவிடும். அப்புறம் அந்த 500 கி.மீ. வேகம் மேலே ஏறி முடித்த பிறகுதான் வரும். இவ்வளவு குட்டிப் பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் போனபோது பட்டுக்கோட்டைப் பக்கம் வயல் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் கடல், தண்ணீர் குடித்து முடிக்கும்முன் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குப் பயப்பட நேரமே இருக்காது. இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான், கடிகாரத்தை மாற்றவும் வேண்டாம்.

ஆனால் இது வெளிநாட்டுப் பயணம். மூன்று மணி நேரம் முன்னாலேயே திருச்சி நிலையத்தில் இருக்கவேண்டும். பறப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம்!

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணை, நீங்கள் நிமிடக் கணக்குப் பார்க்கிறீர்கள், எங்களுக்கு அது இராத்திரிக் கணக்கு. முந்தி திருச்சிக்கு வருவதென்றால் பின்னேரமே வெளிக்கிட்டு, விடிய விடிய பஸ்ஸில் கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகவேணும். தெற்கே அவ்வளவு தூரம் போய், பிறகு விமானத்தில் திரும்ப வடக்கே வருவது. வயதுபோன ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் விளங்கும். 2019 ஒக்டோபரில் பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், சென்னை விமானம் வந்தது, கொரோனாவோடு நின்று 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் இண்டிகோ திருச்சிக்கும் விட்டபிறகுதான் எங்கட வீட்டில் நிம்மதி. இதெல்லாம் புதுசும் இல்லை. 1947இலேயே அப்போதைய இலங்கை விமான நிறுவனமான எயர் சிலோனின் முதல் விமானம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வந்துதான் மதராசுக்குப் போனது.

அம்மாவுக்கு வலப்பக்க யன்னல் சீட் எடுங்கோ. ஏடிஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே மறைக்காது, வெயில் நல்லாயிருந்தால் தீவுகள் தெரியும். பின்வரிசையாகப் பாருங்கோ. கதவு பின்னால்தான், முதலில் இறங்கினால் குடிவரவு வரிசையில் அம்மா கனநேரம் நிற்கத் தேவையில்லை.