கோப்பு போய்ச் சேர்ந்தது, படம் போய்ச் சேரவில்லை: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

திருமணப் படப்பதிவாளர், மதுரை

மூன்று ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. முகூர்த்தம் முடிந்த அன்றிரவே 38 ஜி.பி. பதிவுகளைச் சென்னைத் தொகுப்பாளருக்கு அனுப்பினேன். நள்ளிரவில் இணைப்பு இரண்டு முறை அறுந்தது; மென்பொருள் தானே தொடர்ந்தது. காலையில் 100 சதவீதம் என்று காட்டியது. போன் செய்து கோப்பின் அளவைக் கேட்டேன். ஒரு பைட் பிசகாமல் பொருந்தியது. அடுத்த திருமணத்துக்குக் கேமராவின் மெமரி கார்டு வேண்டியிருந்ததால் அதை ஃபார்மேட் செய்து அழித்துவிட்டேன்.

மாலையில் அவர் அழைத்தார். கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார், அந்த நொடியில் படம் பச்சைக் கட்டங்களாக உடைகிறது. பதினோரு விநாடிகள். மறுபடி தெளியும்போது அட்சதை விழுந்துகொண்டிருக்கிறது. அந்த மென்பொருள் தொடக்கத்திலேயே முழுக் கோப்புக்கும் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு துண்டு துண்டாக நிரப்புமாம். இணைப்பு அறுந்த இடத்தில் ஒரு துண்டு நிரம்பவே இல்லை. இரண்டாவது கேமரா மணமேடைக்குப் பின்னால் இருந்தது. அதில் மாப்பிள்ளையின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. பெண்ணின் அப்பா என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை தம்பி" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கணினி வலையமைப்புப் பணியாளர், திருச்சி

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் மென்பொருளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அளவைப் பார்த்துவிட்டுக் கார்டை அழித்ததுதான் பிழை. நானும் ஒரு முறை கோயில் குடமுழுக்குப் படங்களை எஃப்.டி.பி. என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக அனுப்பினேன். அது 'ஆஸ்கி' முறையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. படத்தை எழுத்துக் கோப்பாகக் கருதி, வரிமுடிவு என்று தான் நினைத்த பைட்டுகளையெல்லாம் மாற்றிவிட்டது. ஒரு படம்கூடத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இது. அனுப்பும் முன் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 ஹாஷ் எடுங்கள். அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை; கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முழுவதும் மாறிவிடும். விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையே போதும். பெறுபவரும் தம் பக்கத்தில் எடுக்கட்டும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டி.சி.பி. நெறிமுறையே சரிபார்க்குமே என்று சிலர் சொல்வார்கள். அதன் சரிபார்ப்பு எண் 16 பிட் மட்டுமே. அது வலையில் போகும் தரவுப் பொட்டலத்தைப் பார்க்கும். வட்டில் என்ன எழுதப்பட்டது என்பதைப் பார்க்காது. ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினால் அறுந்த இடத்திலிருந்து தொடரலாம், அனுப்பிய கோப்பை முழுமையாகச் சரிபார்த்தும் தரும். ஆயிரக்கணக்கான சிறு படங்கள் என்றால் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அளவு குறையாது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் கேள்வியும் பதிலுமாகப் போய்வரும் நேரம் மிச்சமாகும். பென் டிரைவில் எடுத்துப் போவதாக இருந்தால் ஃபேட்32 என்ற வடிவில் ஃபார்மேட் செய்தது வேண்டாம், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு இடங்களில் பிரதி இருக்கும் வரை கார்டைத் தொடாதீர்கள்.

ஸ்டுடியோ உரிமையாளர், கோயம்புத்தூர்

ஹாஷ் எல்லாம் சரி. எங்களுக்குக் கோப்பு நகரவே இல்லை. அடுத்த அறைக்கு 200 ஜி.பி. அனுப்ப அரைமணி நேரம் ஆகும் இடத்தில் ஐந்து மணி நேரம் ஆனது. இரண்டு வாரங்கள் கணினியையும் வட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் எங்கள் பையன்தான் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சைக் காட்டினான். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் ஆரஞ்சு. கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். கதவுக் கீலுக்கு அடியில் நசுங்கி, உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. ஜிகாபிட் வேகத்துக்கு (1000 மெகாபிட்) நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால் இணைப்பு நிற்காமல், சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் கேபிளைப் பாருங்கள்.

தொலைக்காட்சிச் செய்தியாளர், நாகப்பட்டினம்

2018 நவம்பர் 16, கஜா புயல் கரையைக் கடந்த காலை. செல்போன் கோபுரங்கள் பல விழுந்துவிட்டன. வேதாரண்யம் சாலையில் ஓரிடத்தில் மட்டும் சிக்னல் ஒரு கோடு வந்தது. விழுந்த தென்னைகளுக்கு நடுவே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். 97 சதவீதத்தில் அறுந்தது. வந்தவரை ஒளிபரப்புங்கள் என்றேன், கோப்பே திறக்கவில்லை என்றார்கள். எம்.பி.4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல போன்கள் கடைசியில்தான் எழுதும். அந்த வால் போகாவிட்டால் முன்னால் போனதெல்லாம் வீண். பிறகு பத்துப் பத்து விநாடிகளாக எடுத்து அனுப்பினேன். ஆனால் முதலில் எடுத்ததில் ஒரு மூதாட்டி கூரையில்லாத தன் வீட்டைக் காட்டிப் பேசியிருந்தார். அது அன்றைய செய்தியில் வரவில்லை.

டொராண்டோவிலிருந்து ஒரு தகப்பன்

கோயம்புத்தூர் நண்பரே, எல்லாத் தாமதத்துக்கும் கேபிள் காரணமாகாது. மகளின் அரங்கேற்றப் பதிவு 60 ஜி.பி.யைச் சென்னைக்கு அனுப்பினேன். இரு பக்கமும் 100 மெகாபிட் இணைப்பு, கேபிளும் புதிது. ஆனால் திரையில் 'மீதம் 2 நாள் 18 மணி'. என் பழைய மென்பொருள் 64 கே.பி. அனுப்பிவிட்டு, 'வந்தது' என்ற பதிலுக்குக் காத்திருந்தது. சென்னைக்குப் போய்த் திரும்பக் கால் விநாடி. ஆக விநாடிக்கு நான்கு நடை, 256 கே.பி. சாலை எவ்வளவு அகலமாக இருந்து என்ன, ஒரே வண்டிதானே ஓடுகிறது! ஒரே நேரத்தில் எட்டு இணைப்புகளில் பிரித்து அனுப்பும் மென்பொருளுக்கு மாறினேன், ஓர் இரவில் முடிந்தது. முந்தைய மூன்று நாளும் குரு தினமும் அழைத்து "வந்துவிட்டதா?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருமணப் படப்பதிவாளர், மதுரை

திருச்சி ஐயா, நீங்கள் சொன்னது வலித்தது, ஆனால் உண்மை. நேற்று ஒரு திருமணம் முடிந்தது. சென்னைத் தொகுப்பாளர் தம் பக்கம் ஹாஷ் எடுத்து, போனில் கடைசி எட்டு எழுத்துகளைப் படித்தார். முழுவதையும் படிக்கச் சொன்னேன். 64 எழுத்தும் பொருந்தின. கார்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.