எடை ஏறுவது நாக்கின் குற்றமா, மூளையின் பிடிவாதமா?

ஓஎம்ஆர் ஆந்தை:
சென்ற ஆண்டு 14 கிலோ குறைத்தேன். சோற்றை இரவில் தொடவில்லை. பணி முடிந்து வீடு திரும்பும் வழியில், விடிகாலையில் திருவான்மியூர் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடை. எட்டே மாதத்தில் 11 கிலோ திரும்பி வந்துவிட்டது. மருத்துவரிடம் போனேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் "வாயைக் கட்டுங்கள்" என்றார். கட்டணம் 600 ரூபாய். எடை குறைந்த பிறகு முன்பைவிடப் பசி கூடியது ஏன் என்று கேட்கத்தான் போனேன். கேட்க விடவில்லை. இங்கே யாருக்காவது தெரியுமா?

நடேசன் பூங்கா நடையர்:
தம்பி, வருத்தப்படாதீர்கள், மருத்துவர் சொன்னதில் தவறில்லை. எனக்கு வயது 64. எங்கள் பூங்காவில் நாலு சுற்று சுற்றிவிட்டு, வியர்வை உலர்வதற்குள் நெய்ப்பொங்கலும் வடையும் தேடிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். வரவு செலவுக் கணக்குதான் இது. வரவு மிஞ்சினால் தொப்பை.

எறும்புதின்னி:
ஐயா, கணக்கு சரி. கணக்கப்பிள்ளை யார் என்பதுதான் கேள்வி. மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே சேதம் ஏற்பட்டால் எலிகள் பெருத்துப்போகும் என்று ஹெதரிங்டனும் ரான்சனும் 1940இலேயே காட்டிவிட்டார்கள். பிறகு அமெரிக்காவில் டக்ளஸ் கோல்மன் ஒரு விசித்திரமான வேலை செய்தார். பிறவியிலேயே பெருத்த சுண்டெலியின் ரத்த ஓட்டத்தைச் சாதாரணச் சுண்டெலியுடன் இணைத்தார். பெருத்தது தின்பதைக் குறைத்து இளைத்தது. அதனிடம் இல்லாத ஏதோ ஒன்று மற்றதன் ரத்தத்தில் இருந்தது. அதை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது: லெப்டின். கொழுப்புத் திசு சுரந்து மூளைக்கு அனுப்பும் இருப்பு விவரம் அது. இருப்பு குறைந்தால் லெப்டின் குறையும். பசியைத் தூண்டும் நரம்பணுக்கள் விழித்துக்கொள்ளும், போதும் என்று சொல்பவை அடங்கிவிடும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை முடிவு கட்டுகிறது. ஆந்தை விரும்பித்தான் இளைத்தார் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

நடேசன் பூங்கா நடையர்:
அப்படியென்றால் லெப்டினை ஊசியாகப் போட்டு ஊரையே இளைக்க வைத்திருக்கலாமே! இன்னொன்று. நான் மாம்பலத்தில் படித்த காலத்தில் வகுப்புக்கு ஒரு குண்டுப் பையன். இன்று பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். ஐம்பது ஆண்டில் மரபணு மாறிவிட்டதா? தட்டுதான் மாறியிருக்கிறது.

எறும்புதின்னி:
நல்ல அடி. ஊசி போட்டும் பார்த்தார்கள். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத 9 வயதுச் சிறுமிக்குப் பலித்தது. 94 கிலோவிலிருந்து ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். ஆனால் அத்தகையவர்கள் மிக அரிது. பெருத்தவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே ஏராளம். மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. லெப்டின் இறங்கினால் மட்டும் உடனே கவனிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்த ஆய்வு 2011இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் இளைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தார்கள்: ஓய்வில் அவர்கள் உடல் எரித்தது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. செலவையே உடல் வெட்டிவிடுகிறது, ஐயா. உங்கள் கணக்கில் இதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

சுண்டல்:
ஐயா சொன்ன தட்டும் உண்மைதானே? 2019இல் கெவின் ஹால் குழு 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, ஆலையில் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், சாதாரணச் சமையல் இரண்டு வாரம் என்று கொடுத்தது. வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அதே ஆள், அதே மன உறுதி. 'வீட்டுச் சமையல் சாப்பிடு' என்று அடுத்து யாராவது எழுதும் முன், வேலைக்கும் போய் அந்தச் சமையலையும் செய்பவர் யார் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

நடேசன் பூங்கா நடையர்:
அம்மா, அதைத்தான் எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன். ஆனால் எடை குறைக்கப் போடும் இந்தப் புது ஊசி விஷயத்தில் விடமாட்டேன். என் மருமகன் செமாக்ளுடைடு போட்டுக்கொள்கிறார். மூன்றாவது தோசையை அவரே வேண்டாம் என்று தள்ளுவது பார்க்கவே விந்தையாக இருக்கிறது. நிறுத்தினால் திரும்ப ஏறுமாமே? ஆயுள் முழுவதும் ஊசியா?

எறும்புதின்னி:
ஏறும். 2021இல் வெளியான சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினாலும் அழுத்தம் ஏறும்; அதற்காக யாரையும் ஒழுக்கமில்லாதவர் என்பதில்லை. விலை எல்லோருக்கும் கட்டாது என்பது தனி வழக்கு. மூன்றாவது தோசையைத் தள்ளும் மன உறுதி உங்கள் மருமகனுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டதா? மருந்து அவர் மூளையில் வேலை செய்கிறது.

ஆந்தை, உங்கள் இரவுப் பணியையும் கவனியுங்கள். 2004இல் சிகாகோவில் இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரமே தூங்கவிட்டபோது லெப்டின் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் கூடியது.

நடேசன் பூங்கா நடையர்:
மருமகனின் மன உறுதி பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. இங்கே எழுதினால் மகள் படிப்பாள். நெய்ப்பொங்கல் கூட்டத்தை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

ஓஎம்ஆர் ஆந்தை:
பகல் பணி கேட்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். 'காரணம்' என்ற கட்டத்தில் கிரெலின் என்று எழுதினால், யாரோ வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று நினைத்து அவரோடு கூட்டம் ஏற்பாடு செய்துவிடுவார்கள்.