ஆடிப்பட்டத் தக்காளி: வெயிலும் மழையும் முறை மாறும்போது எப்போது நடுவது?

கேட்பவர்: கிணற்றுப்பாசனம் (ஒட்டன்சத்திரம் பகுதி)

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஏக்கரில், கிணற்று நீரை நம்பிக் காய்கறி செய்கிறேன். பாதியில் தக்காளி, மீதியில் சின்ன வெங்காயமும் வெண்டையும். ஆடி பிறந்ததும் நாற்று விட்டு, ஆவணி முன்பாதியில் நடுவதுதான் எங்கள் குடும்பத்தில் தகப்பனார் காலத்திலிருந்து வழக்கம். ஆவணியில் மூடாப்பும் தூறலுமாக இருந்து செடி தழைத்துவிடும். ஐப்பசி மழை வலுப்பதற்குள் முதல் பறிப்புகளை மண்டிக்கு அனுப்பிவிடலாம்.

இப்போது அந்தக் கணக்கு பொய்க்கிறது. புரட்டாசியிலும் கோடையைப் போல் வெயில் காய்வதால் முதல் இரண்டு கொத்துப் பூக்கள் காம்பின் முட்டில் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகின்றன. பிறகு பூத்தவை காய்த்துப் பழுக்கும் வேளையில், ஒரு மாதத்து மழை நான்கைந்து நாளில் கொட்டுவதால், பழத்தின் தோள்பகுதி வளையம் வளையமாக வெடித்து, பெட்டிக்கு ஏற்ற முடியாமல் போகிறது. நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்றுக்கு முன்பணம் கட்ட வேண்டிய நேரம் நெருங்குவதால் கேட்கிறேன்: பட்டத்தை ஆனிக்கு இழுப்பதா, புரட்டாசிக்குத் தள்ளுவதா, அல்லது நிலத்தைப் பிரித்து இரண்டு மூன்று தவணையாக நடுவதா?

பதில்: சண்முகாநதிக்கரை (பழநி)

ஐயா, விதைக்கும் மாதத்திலிருந்து கணக்கைத் தொடங்காமல், பூக்கும் வாரத்தையும் பழுக்கும் வாரத்தையும் முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். தக்காளி நன்றாகக் காய் பிடிப்பதற்கு இரவு வெப்பம் ஏறத்தாழ 15 முதல் 21 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பகலில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் தொடர்ந்தால் மகரந்தம் மலடாகிவிடும். சில இரகங்களில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) அதைச் சுற்றியுள்ள மகரந்தப்பைக் கூம்பைத் தாண்டி வெளியே நீண்டுவிடுவதையும் பார்க்கலாம். உதிரும் நிலையில் உள்ள பூ ஒன்றைக் கிள்ளி உற்று நோக்கினால் இது கண்ணுக்கே தெரியும். அப்படிப்பட்ட பூவுக்கு எந்த டானிக் தெளித்தும் பயன் இருக்காது என்பதே என் கருத்து. இரவு வெக்கை குறையாததும் பகல் வெயிலுக்கு இணையான கேடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

25 நாள் நாற்றை நட்டால் ஒரு மாதத்தில் பூவும், 65 நாள் வாக்கில் முதல் பழமும் வரும். ஆகஸ்ட் நடுவில் நடும் உங்கள் வழக்கப்படி முதல் பறிப்பு அக்டோபர் 20ஐ ஒட்டி, அதாவது வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாட்களிலேயே விழுகிறது. ஆனி முதல் வாரத்தில் விதைத்து ஜூலை நடுவில் நட்டால் மழைக்கு முன்பாக ஏறக்குறைய ஒரு மாதப் பறிப்பு கிடைக்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே நம் பக்கம் வரும் ஆடிக் காற்று இளஞ்செடியை முறித்துப் போடும். அந்த நேரத்தில் கிணற்று நீரும் அடியில் கிடக்கும். நடவுக்கு இரண்டு வாரம் முன்பே வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் விதைத்துவிட்டால் காற்று தணிவதோடு, வெள்ளை ஈயின் வரவும் குறையும். சொட்டுநீரும் பாத்தியை மூடும் வெள்ளி நிற மல்ச்சிங் ஷீட்டும் இருந்தால்தான் இதில் இறங்கச் சொல்வேன்.

பதில்: செம்மண்காடு (உடுமலை)

முந்தைய பதிலில் பூக்கும் காலத்தை வைத்துக் கணக்கிடச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஒன்றரை ஏக்கருக்குள் தக்காளியை மூன்று தவணையாக நடும் யோசனையை, தயவுசெய்து, கைவிடுங்கள். முதல் தவணைச் செடியில் இலைச்சுருட்டை நச்சுயிரி நுழைந்துவிட்டால், அங்கே பெருகும் வெள்ளை ஈ பத்தடி தூரத்தில் இருக்கும் இளஞ்செடிக்கு அதைக் கொண்டு சேர்த்துவிடும். பூக்கும் முன்பே நோய் தாக்கிய செடி காய்க்காது. வெயில் நீளும் ஆண்டுகளில் வெள்ளை ஈயும் இலைப்பேனும் அதிகமாகவே இருப்பதால், தவணை நடவு ஆபத்தைப் பங்கிடுவதாகத் தோன்றினாலும் உண்மையில் நோய்க்கு இடைவெளியில்லாமல் தீனி போடுவதாகிவிடுகிறது.

தவணையைத் தக்காளிக்குள் வைக்காமல் பயிர்களுக்கிடையே வையுங்கள்: தக்காளி முழுவதையும் ஒரே வாரத்தில் நட்டு முடித்து, வெயிலை ஓரளவு தாங்கும் வெண்டையை முன்னும் பின்னுமாக விதைக்கலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு இரகம் இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்குவது. நாற்றுக்கு முன்பணம் கட்டுமுன் அது கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

புரட்டாசிக்குத் தள்ளுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பயிர் மார்கழி, தை மாதங்களில் காய்க்கும்; அப்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் வரத்து குவிவதால் பறிகூலிக்கே விலை கட்டாமல் போகலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை நியாயவிலைக் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்ற அந்த விலையை மனத்தில் வைத்துப் பட்டத்தை மாற்ற வேண்டாம்.

பதில்: மேட்டுப்பாத்தி (கிருஷ்ணகிரி மாவட்டம்)

எந்தப் பட்டத்தில் நட்டாலும் தப்ப முடியாத மழையும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வலுவிழந்து உள்ளே வந்தபோது எங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஆகவே, மாதத்தைப் பற்றி யோசிக்கும் அதே அளவுக்கு வடிகாலைப் பற்றியும் யோசியுங்கள். பாத்தியை ஓரடி உயர்த்தி, சரிவின் கடைசியில் வாய்க்கால் வெட்டி, அந்த நீர் பக்கத்துக் காட்டுக்குள் பாயாமல் ஓடைக்குப் போக வழி இருக்கிறதா என்று மழைக்கு முன்பே நடந்து பார்த்துவிட வேண்டும். குச்சி நட்டுக் கட்டிய செடியில் பழம் மண்ணைத் தொடாததால் அழுகலும் குறையும். பழம் வெடிப்பதற்கு மழை மட்டும் காரணமன்று. காய்ந்து கிடந்த வேர் திடீரென நீரை இழுப்பதே முதன்மைக் காரணம் என்பதால், மழைக்கு முந்தைய வாரங்களில் ஈரம் ஏறி இறங்காமல் சொட்டுநீர் சீராகப் போக வேண்டும். காயின் அடிப்பகுதி கருப்பதும் பெரும்பாலும் இதே ஏற்றத்தாழ்வினால்தான்.

சின்ன வெங்காயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. தாள் முறுக்கிக்கொள்ளும் திருகல் நோய், ஈரமும் வெக்கையும் சேர்ந்த நாட்களில் சட்டென்று பரவும். அதை மேட்டுப்பாங்கான பகுதிக்கு மாற்றுங்கள். செவ்வாய், வெள்ளி தோறும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கை அடுத்த ஐந்து நாள் நிலவரத்தைச் சொல்கிறது. மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். மருந்து தெளிப்பையும் பறிப்பையும் அதன்படி வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் பிர்காவில் (வருவாய்க் குறுவட்டத்தில்) தக்காளியும் வெங்காயமும் பயிர்க் காப்பீட்டுக்கு அறிவிக்கப்பட்டுள்ளனவா என்பதைக் கடைசித் தேதிக்கு முன்பே தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். தோட்டக்கலைப் பயிர்களுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 விழுக்காடு.

கேட்பவர்: கிணற்றுப்பாசனம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தக்காளியை ஆனி விதைப்புக்குக் கொண்டுவந்து, பரப்பை அரை ஏக்கராகக் குறைத்து, கிணற்று நீருக்கு ஏற்றவாறு ஒரே தவணையில் நட முடிவு செய்திருக்கிறேன். வெங்காயம் மேட்டுக் காட்டுக்குப் போகிறது. ஓரத்து மக்காச்சோளம் தக்காளியின் பங்கு நீரை இழுக்காதா என்பது ஒன்றே இன்னும் உறுத்துகிறது.

பதில்: சண்முகாநதிக்கரை (பழநி)

வேர் மூன்றடி வரை பரவி நீரை இழுக்கத்தான் செய்யும். தக்காளியின் முதல் பாத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையே நான்கடி விட்டு, அந்த இடத்தில் வடிகால் வாய்க்காலை வெட்டிவிடுங்கள்.